லண்டன் வீட்டு சாஷ் ஜன்னல் (மேலும் கீழும் சறுக்கித் திறக்கும் ஜன்னல்) நிற்காமல் கீழே சரிகிறது, எந்த ஸ்பிரிங் வாங்குவது?

ஜன்னலின் உயரத்தை மட்டும் சொல்லி ஸ்பைரல் பேலன்ஸ் (சட்டத்தின் எடையைத் தாங்கும், குழாய்க்குள் இருக்கும் முறுக்கு ஸ்பிரிங்) வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. முதலில் தெரிய வேண்டியது கண்ணாடியோடு சேர்த்துச் சறுக்கும் சட்டத்தின் எடை. கழற்றி, வீட்டில் ஏறி நின்று எடை பார்க்கும் மெஷினில் வையுங்கள். கழற்ற முடியாவிட்டால் ஒரு கணக்கு: 1 மி.மீ. தடிமனுள்ள கண்ணாடி சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. அதாவது 4 மி.மீ. ஒற்றைக் கண்ணாடி 10 கிலோ, இரட்டைக் கண்ணாடி 20 கிலோ. மரச்சட்டத்தின் எடை தனி. பலர் கோட்டை விடுவது இங்கேதான். கண்ணாடியை இரட்டையாக மாற்றிவிட்டுப் பழைய ஸ்பிரிங்கையே விட்டுவிடுவார்கள். அப்புறம் சரியாமல் என்ன செய்யும்?

பழைய குழாயின் நீளம், விட்டம், முனையின் நிறம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நிறம் எடை வரம்பைக் காட்டும், ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இரண்டு பக்கமும் ஜோடியாகவே மாற்றுங்கள். கழற்றும்போது உள்கம்பியைப் பிடியிலிருந்து விட்டுவிடாதீர்கள், முறுக்கு சர்ரென்று அவிழும்.

கயிறும் அதில் எதிர் எடையாகத் தொங்கும் இரும்புக் குண்டும் உள்ள விக்டோரியா கால ஜன்னல் என்றால் கதை வேறு. மேல் சட்டத்தின் குண்டுகள் சட்டத்தைவிடச் சற்றுக் கனமாகவும், கீழ்ச் சட்டத்தின் குண்டுகள் அந்தச் சட்டத்தைவிடச் சற்று லேசாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டும் மூடியபடி நிற்கும்.