மலைநாட்டுக்கு மஃபாத்தைப் பாருங்கள்

வணக்கம் நண்பரே. ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுக் கதையாக ஆடும் மாய உலக மேசை ஆட்டம் ஒன்றை நீங்கள் நடத்துகிறீர்கள். அதில் எந்த ஊருக்குப் போனாலும் அதே கோட்டை, அதே சத்திரம் என்று ஆட்டக்காரர்கள் அலுத்துக்கொள்வதாக எழுதியிருந்தீர்கள். இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் இருந்துகொண்டா இந்தக் கவலை!

உங்கள் தீவில் மலைகள் சூழ்ந்து கிண்ணம்போல் கிடக்கும் மஃபாத்துக்கு ஒருமுறை நடந்து போய் வாருங்கள். அந்த மலைக்கிண்ணத்துக்குள் இன்றுவரை வண்டிச்சாலை கிடையாது. சரக்கு பெரும்பாலும் ஹெலிகாப்டரில் வந்து இறங்குகிறது. தப்பியோடிய அடிமைகள் அங்கே ஒளிந்து வாழ்ந்தார்கள். அவர்களின் தலைவன் ஒருவன் பெயரே அந்த இடத்துக்கு நிலைத்துவிட்டது. உங்கள் வரைபடத்தில் 'சாலை இல்லை' என்ற ஒரே விதியை வையுங்கள். உப்பு என்ன விலை விற்கும், நோயாளியை யார் சுமப்பார்கள், மலையேறி வருபவன் உறவா, ஆள்பிடிக்க வந்தவனா? கதை தானாகக் கிளம்பும்.

கோயில் வேண்டுமென்றால் சேந்த் ரோஸ் பக்கம் போங்கள். 1977-இல் எரிமலைக் குழம்பு அங்குள்ள தேவாலயத்தைச் சுற்றி வளைத்து, வாசலோடு நின்றுவிட்டது. குழம்பு உறைந்த அந்தக் கறுப்புப் பாறையில் கை வைத்திருக்கிறேன். சொரசொரப்பு உள்ளங்கையைக் கீறியது. உங்கள் ஆட்டத்தில் வரும் ஊரார், குழம்பு அப்படி நின்றதற்கு இரண்டு காரணம் சொல்லட்டும். எது உண்மை என்பதை மட்டும் கடைசிவரை வெளியிடாதீர்கள்.

ரீயூனியனில் நம் தமிழர்கள் நடத்தும் தீமிதியை மட்டும் ஆட்டத்துக்குள் அப்படியே எடுத்தாள வேண்டாம் என்பது என் வேண்டுகோள். விரதம் இருந்து இறங்குபவர்கள் நம் வீட்டுக்காரர்கள்.