நாட்பட்ட வலியோடு வேலை தேடுபவர் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

முதுகும் கழுத்தும் வருடக்கணக்கில் வலிக்கின்றன, பழைய வேலையை விட்டாயிற்று, உடம்பை வருத்தாத லேசான வேலை எது என்பது கேள்வி.

அந்த 'லேசான' என்ற சொல்தான் பலரைத் தவறான நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைக்கிறது. வரவேற்பு மேசை, பில் போடும் இடம், கால் சென்டர், கேமரா கண்காணிப்பு எல்லாமே பார்வைக்கு லேசானவை. ஆனால் நினைத்த நேரத்தில் எழுந்திருக்க முடியாது. ஒரே நிலையில் இருக்கும்போது கழுத்து, முதுகுத் தசைகள் தளராமல் இறுகியே இருக்கின்றன. இறுகிய தசைக்குள் ரத்த ஓட்டம் குறைகிறது, வலி ஏறுகிறது. நடந்து, உட்கார்ந்து, சின்னச் சாமான் எடுத்து வைத்து நாளை ஓட்டும் ஒருவர், பார்க்கக் கடினமான அந்த வேலையில் பல நேரம் கூடுதல் நாள் தாக்குப்பிடிப்பார். ஆகவே தேட வேண்டியது, எப்போது எழுவது, எப்போது நிறுத்துவது என்பது உங்கள் கையில் இருக்கும் வேலை. சம்பளத்துக்கு அடுத்தபடியாக நான் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

விண்ணப்பிப்பதற்கு முன் உங்கள் அளவு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஐந்து நாள், ஒரு நாளைக்கு ஒரு முறை, வலி கூடத் தொடங்கும் வரை எத்தனை நிமிடம் உட்கார முடிகிறது என்று குறியுங்கள். 40, 25, 35, 20, 30 என்று வந்தால் சராசரி 30. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 24. இதுதான் உங்கள் தொடக்க அளவு. நிற்பது, தட்டச்சு, நடை, எடை தூக்குவது என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எடுங்கள். உட்காருவதில் நல்ல எண் வந்தவருக்குத் தட்டச்சில் பத்து நிமிடம்கூடத் தேறாமல் போகலாம். மறுநாள் காலை வலி எப்படி இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். பலருக்கு அடி அன்றைக்குத் தெரியாது, அடுத்த நாள்தான் தெரியும்.

கழிப்பது எதற்கு என்றால், வலி குறைந்த நாளில் எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்துக்கொள்ளும் பழக்கம்தான் வேலையை முதலில் கெடுப்பது. நல்ல நாளிலும் 24 நிமிடத்தில் எழுந்து ஓரிரு நிமிடம் நடக்க வேண்டும். வலி வந்தபின் எழுவது ஓய்வு. வருமுன் எழுவதுதான் திட்டம். இரண்டு வாரம் ஒழுங்காகப் போனால் பத்து சதவீதம்போலக் கூட்டலாம், அதாவது 26.

எண்கள் கையில் வந்ததும் வீட்டிலேயே இரண்டு வாரம் ஒத்திகை பாருங்கள். அதே நேரத்துக்கு எழுந்து, குளித்துக் கிளம்பி, பயண நேரம் வெளியே சுற்றிவிட்டு வந்து, நான்கு மணி நேரம் மேசையில் ஏதாவது படியுங்கள், எழுதுங்கள். பயணத்தைக் கணக்கில் விடுபவர்கள்தான் அதிகம். வாரம் 20 மணி நேர வேலை என்றால் தினம் நான்கு மணி நேரமாகப் பிரிப்பது உடம்புக்கு நல்லது. ஆனால் போக ஒன்றரை, வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றால் ஐந்து நாளுக்குப் பயணமே 15 மணி நேரம். மூன்று நாள் போனால் 9. அப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் போகும் ஏற்பாடுதான் மேல்.

விளம்பரத்தில் 'எப்போதாவது பொருள் தூக்க வேண்டியிருக்கும்' என்று இருந்தால் எத்தனை முறை, எத்தனை கிலோ, தரையிலிருந்தா மேசையிலிருந்தா என்று கேளுங்கள். அமெரிக்கத் தொழிலாளர் துறையின் வகைப்பாட்டில் 'எப்போதாவது' என்றால் வேலை நாளில் மூன்றில் ஒரு பங்கு வரை, எட்டு மணி நேரத்துக்கு 2 மணி 40 நிமிடம்! நேர்காணலில் நோயைச் சொல்லாமலே கேட்கக்கூடிய கேள்விகள் உண்டு. வழக்கமான ஒரு நாள் எப்படிப் போகும்? வேலையை நேரத்தை வைத்து அளக்கிறீர்களா, முடித்ததை வைத்தா? இடைவேளை குறித்த நேரத்திலா, அவரவர் வசதிப்படியா? நாள் முடிவில் ஒப்படைக்கும் கணக்கு, மொழிபெயர்ப்பு, ஆவணச் சரிபார்ப்பு போன்றவை இங்கே தேறும். ஒவ்வொரு நிமிடமும் வரிசை காத்திருக்கும் வேலைகள் தேறாது.

வீட்டிலிருந்து வேலை என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் அரை உண்மைதான். கட்டிலில் சாய்ந்து மடியில் லேப்டாப் வைத்தால் அலுவலகமே தேவலை. லேப்டாப்பை உயர்த்தி, திரையின் மேல் விளிம்பைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து, தனி விசைப்பலகையும் மவுஸும் இணையுங்கள். கைவலி இருந்தால் குரலால் தட்டச்சு செய்யப் பழகுங்கள். கூகுள் டாக்ஸில் தமிழுக்கும் அது இருக்கிறது. துண்டு எண்ணிக்கைக்குக் காசு தரும் டேட்டா என்ட்ரி, நிறுத்தாமல் தட்டச் சொல்லும் வேலை; மணிக்கட்டு வலிக்காரர்கள் தொட வேண்டாம். வேலை தர முன்பணம் கேட்டால் அது வேலையே இல்லை, வெளியேறுங்கள்.

மருந்தையும் பாருங்கள். நாட்பட்ட வலிக்கு எழுதித் தரப்படும் பிரீகாபலின், காபாபென்டின், அமிட்ரிப்டிலின் மூன்றும் தூக்கக் கலக்கம் தரக்கூடியவை. வண்டி ஓட்டுதல், இயந்திர வேலை என்றால் மருத்துவரிடம் பேசாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரவு மருந்தின் மந்தம் காலை பத்து வரை நீடித்தால், மாலையிலேயே சற்று முன்னதாக எடுக்கலாமா என்று அவரிடமே கேளுங்கள். நீங்களாக மாற்ற வேண்டாம்.

முதலாளியிடம் எப்போது சொல்வது? நேர்காணலுக்கே ஏற்பாடு தேவைப்பட்டால் முன்கூட்டியே. இல்லையென்றால் வேலை உறுதியான பின், சேரும் முன் சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது. 2006 இல் ஏற்கப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 27ஆம் பிரிவு பணியிடத்தில் நியாயமான வசதி செய்து தரச் சொல்கிறது. நாட்பட்ட வலி உள்ளவர் மாற்றுத்திறனாளி என்ற வரையறைக்குள் வருவாரா என்பது நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள்.

மருத்துவர் கடிதம் 'முதுகுவலி உள்ளது, கடின வேலை தரக் கூடாது' என்று இருந்தால் பயனில்லை. படிப்பவர் பயந்துபோய் ஆளையே ஒதுக்கிவிடுவார். இப்படி எழுதித் தரச் சொல்லுங்கள்: 'தொடர்ந்து 25 நிமிடத்துக்கு மேல் உட்காரக் கூடாது, இடையே 2 நிமிடம் நடக்க வேண்டும், தரையிலிருந்து 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம்.' எண் இருந்தால்தான் மேலாளரால் ஏற்பாடு செய்ய முடியும்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே, வலி உச்சத்தில் இருக்கும் நாளில் எந்த வேலையைக் குறைத்துச் செய்யலாம், யாருக்கு எத்தனை மணிக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்பதைப் பேசி, மின்னஞ்சலிலும் ஒரு வரி அனுப்பி வையுங்கள். அந்த நாள் வந்தபின் பேசினால் அது விடுப்புக் கேட்பதாகத்தான் காதில் விழும்.