காற்று சரியாகத்தான் இருக்கிறது, விளக்குதான் அணையமாட்டேன் என்கிறது

கேள்வி: காருக்கு ஏழு வயது. இரண்டு வாரம் முன்பு நான்கு டயரையும் புதிதாக மாற்றினேன். அன்றிலிருந்து, ஸ்டார்ட் செய்ததும் அந்த மஞ்சள் டயர் விளக்கு ஒரு நிமிடம் போல மினுக்கிவிட்டு அப்புறம் அப்படியே எரிகிறது. மூன்று சக்கரத்துக்குக் காற்றழுத்தம் 33, 33, 34 பிஎஸ்ஐ என்று காட்டுகிறது, பின்பக்க இடது சக்கரத்துக்கு மட்டும் வெறும் கோடு. காற்றடித்துப் பார்த்தேன், பலனில்லை. மெக்கானிக், டயருக்குள் காற்றழுத்தத்தை அளக்கிற நான்கு சென்சாரையும் மாற்றச் சொல்கிறார். மாற்றிவிடவா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். காற்று குறைந்தால் அந்த விளக்கு, அதாவது லாடம் மாதிரி வளைவுக்குள் ஆச்சரியக்குறி போட்டது, பெரும்பாலான கார்களில் மினுக்காமல் நேராக எரியும். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் மினுக்கிவிட்டு நின்று எரிந்தால் டயரில் குறை இல்லை, டயரைக் கவனிக்கிற ஆளுக்கே உடம்பு சரியில்லை என்று அர்த்தம். பிறகு எவ்வளவு காற்றடித்து என்ன பயன்?

முதலில் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். வண்டி நிற்கும்போது பல சென்சார்கள் தூங்கிவிடும், சக்கரம் நன்றாகச் சுற்றினால்தான் விழித்துக்கொண்டு பேசும். ஆனால் இரண்டு வாரமாக ஓட்டியும் அந்த ஒரு சக்கரம் வாயே திறக்கவில்லை என்றால் அது தூக்கமில்லை.

என் சந்தேகம் டயர் கடை மேல்தான். சென்சார் டயருக்கு உள்ளே, வால்வின் அடியில், ரிம்மை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. டயரைக் கழற்றுகிற மெஷினின் நெம்புகோல் வால்வுக்குப் பக்கத்தில் இறங்கினால் அந்தப் பிளாஸ்டிக் பெட்டி விரிசல் விடும், வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. அடுத்த சந்தேகம் பேட்டரி. அதை உள்ளேயே வைத்துப் பூசி மூடிவிடுவதால் தனியாக மாற்ற வழியில்லை, ஆயுள் சுமாராக ஐந்திலிருந்து பத்து வருடம். உங்கள் வண்டிக்கு ஏழு, எனவே டயர் மாற்றிய வாரத்திலேயே பேட்டரியும் போனது வெறும் தற்செயலாகவும் இருக்கலாம்.

ஊகித்துக்கொண்டே இருப்பானேன், இதைச் சோதிக்கக் கையடக்கக் கருவி இருக்கிறது. டயரைக் கழற்றவே வேண்டாம், வால்வுக்குப் பக்கத்தில் பிடித்தால் சென்சாரை எழுப்பி அதன் அடையாள எண்ணையும் காற்றழுத்தத்தையும் காட்டும். பதிலே வரவில்லையா, சென்சார் போய்விட்டது. பதில் வருகிறது, ஆனால் காருக்குக் கேட்கவில்லையா, அந்த எண்ணை வண்டியில் மறுபடி பதியவேண்டியிருக்கலாம். நான்குக்குமே கோடு வந்திருந்தால் நான் சென்சாரைத் தொட்டிருக்கவே மாட்டேன், அவை பேசுவதைக் கேட்கிற ரிசீவரைத்தான் பார்த்திருப்பேன், அதற்கும் முன்னால் மலிவான மொபைல் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பார்த்திருப்பேன். சிரிக்காதீர்கள், இந்தச் சென்சார்கள் 315 அல்லது 433 மெகாஹெர்ட்ஸில் மெல்லிய குரலில் பேசுபவை, பக்கத்தில் இரைச்சல் இருந்தால் காருக்குக் காதில் விழாது.

நான்கையும் மாற்றலாமா என்றால், உடைந்திருந்தால் ஒன்று போதும், உடைத்தவரிடம் பேசவும் உங்களுக்கு நியாயம் இருக்கிறது. பேட்டரி தீர்ந்திருந்தால் மெக்கானிக் சொல்வதைத் தள்ளிவிட முடியாது: மற்ற மூன்றும் அதே வயதுதான், ஒவ்வொன்றாகப் போகும்போதெல்லாம் டயரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். எதுவானாலும் உங்கள் வண்டியின் அலைவரிசைக்குப் பொருந்துகிற சென்சார்தானா என்று பார்த்து வாங்குங்கள். அதுவரை அந்தச் சக்கரத்துக்குக் காவல் இல்லை, கேஜ் வைத்து நீங்களே பாருங்கள், வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்பு. அளவு ஓட்டுநர் பக்கக் கதவோரம் ஒட்டியிருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது அது தாங்கும் உச்ச அளவு, அதைப் பார்த்து அடிக்காதீர்கள்.

கேள்வி: குளிரான காலையில் விளக்கு எரிகிறது, கொஞ்ச தூரம் ஓடியதும் அணைந்துவிடுகிறது. சென்சார் கோளாறா?

பதில்: இல்லை, சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது. வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் இறங்கினால் டயரில் ஏறக்குறைய 2 பிஎஸ்ஐ குறையும், ஓடிச் சூடானதும் ஏறிக்கொள்ளும். ஏற்கெனவே விளிம்பில் இருக்கிறீர்கள், காலையிலேயே சரியான அளவுக்குக் காற்றடித்துவிடுங்கள்.

கேள்வி: என் காரில் சக்கரத்துக்குள் சென்சாரே கிடையாது என்கிறார்கள், ஆனாலும் விளக்கு எரிகிறதே?

பதில்: உங்களுடையது ஏபிஎஸ் சென்சாரை, அதாவது பிரேக்குக்காகச் சக்கரம் சுற்றும் வேகத்தை அளக்கிற சென்சாரை, வைத்துக் கணக்குப் போடுகிற வகை. காற்று இறங்கிய டயரின் சுற்றளவு துளி குறையும், அதனால் மற்றவற்றைவிடச் சற்று வேகமாகச் சுற்றும், அதைக் கண்டுபிடித்து விளக்கைப் போடுகிறது. டயரை மாற்றினாலோ காற்றடித்தாலோ ரீசெட் செய்யவேண்டும். ஆனால் காற்றடிக்காமல் ரீசெட்டை மட்டும் அழுத்தி விளக்கை அணைக்கிறவர்கள் நிறையப் பேர். அப்படிச் செய்தால், குறைந்த காற்றையே சரியான அளவு என்று வண்டி மனப்பாடம் செய்துகொள்ளும்.