வீட்டில் எல்லோராலும் நடக்கக்கூடிய கடலோரப் பாதையை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வியில் நீங்கள் சொன்னது இது: முழங்கால் வலி உள்ள அம்மா, எட்டு வயதுப் பையன், மாரத்தான் ஓடுகிற தம்பி, நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்கும் நீங்கள். நாலு பேரும் ஒன்றாகக் கடலோரம் நடக்க வேண்டும். யாரும் பாதியில் சோர்ந்துவிடக் கூடாது, யாருக்கும் சலிப்பும் தட்டக் கூடாது. நான் நடக்கப் போகும்போது கூட வருகிற கூட்டமும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். அதனால் எனக்குப் பழகிய வழியைச் சொல்கிறேன்.

முதலில், எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்து முடிவெடுப்பதை விடுங்கள். கடலோரத்தில் அந்த எண் சுத்தமாக ஏமாற்றும். 6 கி.மீ. கெட்டியான நடைபாதை என்றால் அம்மா பேச்சுவாக்கில் முடித்துவிடுவார். அதே 6 கி.மீ. உலர்ந்த மணலாக இருந்தால் தம்பிக்கே மூச்சு வாங்கும். 1998-ல் பெல்ஜிய ஆய்வாளர்கள் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஒரே வேகத்தில் நடந்தால், கெட்டித் தரையில் செலவாவதைப் போல 2.1 முதல் 2.7 மடங்கு ஆற்றல் மணலில் செலவாகிறது. ஓடுபவர்களுக்கு அது 1.6 மடங்குதான். நான் உலர்மணல் தூரத்தை இரண்டரையால் பெருக்கிக்கொண்டுதான் திட்டமே போடுவேன்.

கடற்கரை முழுக்க ஒரே மாதிரி மணல் கிடையாது, அது நமக்கு நல்லது. அலை வந்து போன ஈரப் பட்டை இறுகிப்போய், கால் புதையாமல் இருக்கும். கடல் நன்றாக வற்றியிருக்கும் நேரத்தில் அந்தப் பட்டை அகலமாகவும் கிடைக்கும். ஆனால் நீர் ஓரமாக நடக்கும்போது தரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதைக் கவனியுங்கள். கடல் பக்கத்துக் கால் எப்போதும் ஓர் அங்குலம் கீழே போய் ஊன்றும். அரை மணி நேரத்தில் ஒரு பக்க இடுப்பும் முழங்காலும் முனக ஆரம்பிக்கும். போன வழியிலேயே திரும்பி வந்தால் சரிவு மறுகாலுக்கு மாறிவிடும். அதனால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஒரே திசையில் நீண்ட கடற்கரை நடை வேண்டாம். பாதி தூரம் போய்த் திரும்புவதுதான் சுகம்.

அப்புறம் ஏற்ற இறக்கம். கடல் மட்டத்தில்தானே நடக்கிறோம், ஏற்றம் எங்கே வரப்போகிறது என்று தோன்றும். இங்கிலாந்தின் சவுத் வெஸ்ட் கோஸ்ட் பாத் 1,014 கி.மீ. நீளம். அதன் உச்சகட்ட உயரம் வெறும் 318 மீட்டர். ஆனால் முழுப் பாதையின் ஏற்றங்களையும் கூட்டினால் சுமார் 35,000 மீட்டர் வரும், ஏறக்குறைய எவரெஸ்ட்டை நாலு முறை அடுக்கிய உயரம்! காரணம் எளிது. குன்றின் மேல் போகிற பாதை, ஒவ்வோர் ஓடை கடலில் சேரும் இடத்திலும் கீழே இறங்கி மறுபடி ஏறியாக வேண்டும். ஆகவே ‘அதிகபட்ச உயரம்’ என்ற எண்ணைத் தள்ளிவிட்டு, ‘மொத்த ஏற்றம்’ எவ்வளவு என்று தேடுங்கள். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இது நல்ல உடல்வாகு உள்ளவருக்கான கணக்கு. குழந்தையும் பெரியவரும் கூட வந்தால் பாதி நேரத்தை மேலே சேர்த்துக்கொள்ளுங்கள். முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் சோதனை, அதிலும் படிக்கட்டு. பாதை விவரத்தில் படிகள் என்று இருந்தால் எத்தனை என்று கேட்காமல் கிளம்பாதீர்கள்.

கடலோர நடையை மற்ற நடைகளிலிருந்து பிரிப்பது ஓதம்தான், அதாவது கடல் ஏறுவதும் வற்றுவதும். அதைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் கடற்கரை வழியாக நீண்ட தூரம் போகக் கூடாது என்பது என் கறாரான கருத்து. பெரும்பாலான கரைகளில் நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறி, இரண்டு முறை வற்றும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் இன்று காலை 9 மணிக்கு வற்றினால் நாளை 9.50 வாக்கில் வற்றும். நேற்றுப் போனவர் சொன்ன நேரம் இன்று உதவாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் அதிகமாக ஏறும், அதிகமாக வற்றவும் செய்யும்.

ஏறும் வேகமும் சீராக இருக்காது. ஆறு மணி நேர ஏற்றத்தில் முதல் மணி நேரம் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவது, நான்காவதில் மும்மூன்று, பிறகு இரண்டு, ஒன்று என்று மாலுமிகள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதாவது ‘இன்னும் நேரம் இருக்கிறதே’ என்று நாம் சாவகாசமாக இருக்கும்போதுதான், நடு இரண்டு மணி நேரத்தில், பாதித் தண்ணீர் உள்ளே வந்துவிடும். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 16 மீட்டர் வரை வித்தியாசம் உண்டு. அங்கே அந்த நடு இரண்டு மணி நேரத்தில் மணிக்கு 4 மீட்டர் வரை ஏறும். மத்தியதரைக் கடலின் பெரும்பாலான கரைகளில் இந்த வித்தியாசம் மிகச் சிறியது, அங்கே இந்தக் கவலை குறைவு. ஆக, போகிற இடத்துக்கான ஓத அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். காற்று கரையை நோக்கி பலமாக வீசினால், அட்டவணை சொல்வதைவிடத் தண்ணீர் மேலே வரும் என்பதையும் மனதில் வையுங்கள்.

சிக்கல் எங்கே வரும் என்றால், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பாறை முனைகளுக்கு நடுவில் இருக்கும் சின்னக் கடற்கரையில். முன்னால் ஒரு முனை, பின்னால் ஒரு முனை, முதுகுப் பக்கம் செங்குத்துப் பாறை. நீங்கள் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு முனையிலும் தண்ணீர் மோதத் தொடங்கினால் வெளியேற வழியே இல்லை. எனவே கடல் வற்றிக்கொண்டிருக்கும்போதே கிளம்பி, அந்த முனையைச் சுற்றுகிற நேரம் முழு வற்றத்தை ஒட்டி இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியாவின் லாஸ்ட் கோஸ்ட் டிரெயிலில் பல கி.மீ. நீளப் பகுதிகள் ஏற்ற நேரத்தில் கடக்கவே முடியாதவை. அழகுதான், ஆனால் உங்கள் கூட்டத்துக்கு வேண்டாம்.

பாறைகள் மேல் நடக்க வேண்டி வந்தால் நிறத்தைப் பாருங்கள். பச்சையாக, வழவழவென்று பாசி படர்ந்த இடத்தில் எந்த ஷூவும் நிற்காது. வெள்ளை வெள்ளையாகக் கொட்டலசு (பாறையில் ஒட்டி வாழும் சின்ன ஓட்டு உயிரி) ஒட்டிய சொரசொரப்பான இடத்தில் கால் நன்றாகப் பிடிக்கும். கை ஊன்றினால் மட்டும் கிழித்துவிடும். பையனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால் அவனே முன்னால் போய் ‘இங்க வாங்க, இங்க வாங்க’ என்று வழிகாட்டத் தொடங்கிவிடுவான்.

இனி, வேறு வேறு பலம் உள்ளவர்கள் ஒன்றாகப் போவது. நடுவில் கழன்றுகொள்ள வழி உள்ள பாதையைத்தான் நான் தேடுவேன். இத்தாலியின் சின்க்வே தெர்ரேயில் ஐந்து ஊர்களிலும் ரயில் நிற்கும். மான்டெரோஸோவிலிருந்து வெர்னாட்ஸாவுக்குப் படியேறி இறங்கி நடந்தால் சுமார் இரண்டு மணி நேரம். ரயிலில் சில நிமிடம். தம்பி நடக்கட்டும், அம்மா ரயிலில் போய் அடுத்த ஊரில் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கட்டும். நியூசிலாந்தின் ஏபல் டாஸ்மன் கடலோரப் பாதை 60 கி.மீ. என்றாலும், படகு டாக்சிகள் பல கடற்கரைகளில் இறக்கி ஏற்றுவதால் விருப்பமான துண்டை மட்டும் நடக்கலாம். அங்கே அவரோவா கழிமுகத்துக்குப் பாலம் கிடையாது. முழு வற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பும் இரண்டு மணி நேரம் பின்பும் மட்டுமே கடக்க முடியும். அந்தத் துண்டைத் தவிர்த்துவிட்டாலும் மற்றவை போதுமான அழகு.

அம்மாவுக்கு மணலே ஒத்துவராது என்றாலும் கதவு அடைபட்டுவிடவில்லை. பல கடற்கரைகளில் மணல்மேட்டைத் தாண்டி நீர் அருகே வரை மரப்பலகைப் பாதையோ விரிப்புப் பாதையோ போட்டிருக்கிறார்கள். பருத்த சக்கரங்கள் கொண்ட கடற்கரைச் சக்கர நாற்காலிகள் கிடைக்கும் இடங்களும் உண்டு. கிரேக்கத்தின் பல கடற்கரைகளில் சீட்ராக் என்ற ஏற்பாடு இருக்கிறது. சூரிய சக்தியில் இயங்கும் நாற்காலி தண்டவாளத்தில் நகர்ந்து கடலுக்குள்ளேயே கொண்டுபோய் விடும். தென்கொரியாவின் ஜேஜு ஓலே பாதைகளில் சக்கர நாற்காலி செல்லக்கூடிய பகுதிகளைத் தனியாகக் குறித்திருக்கிறார்கள். இப்படிக் குறிப்பு உள்ள பாதை முழங்கால்காரர்களுக்கும் தள்ளுவண்டிக் குழந்தைகளுக்கும் சேர்த்தே வசதி.

மற்றவை சட்டென்று. போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது முதுகுக் காற்று இருக்கும்படி திசையைத் தேர்ந்தெடுங்கள். கடல்காற்று குளுமையாக இருப்பதால் வெயில் உறைக்காது, ஆனால் தோல் கருகும். உலர்மணல் மட்டுமே புற ஊதாக் கதிரில் 15 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். குன்றின் விளிம்பு கீழே குடைந்து போயிருக்கலாம், மேலே இருந்து தெரியாது. விளிம்பிலும் நிற்காதீர்கள், அதற்கு நேர் கீழேயும் உட்காராதீர்கள். கயிறு கட்டிய மணல் பகுதி என்றால் பறவைகள் முட்டையிட்டிருக்கலாம், சுற்றிப் போங்கள். கைத்தடி கொண்டுபோனால் நுனியில் அகலமான வட்டு மாட்டுங்கள், இல்லாவிட்டால் மணலில் புதைந்து அதுவே கூடுதல் வேலை.

உங்கள் நால்வருக்கு நான் திட்டம் போட்டால் இப்படி இருக்கும்: கெட்டித் தரையும் ஈரமணலும் கலந்த 5 கி.மீ.க்கு உட்பட்ட பாதை, வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு தொடக்கம், பாதி வழியில் நிழலும் கழிப்பறையும். பையனுக்குப் பாறைக் குட்டைகளில் நண்டு தேட முக்கால் மணி நேரம் கண்டிப்பாக வேண்டும், அம்மாவுக்கும் அது ஓய்வாகிவிடும். தம்பி அந்த நேரத்தில் குன்றின் மேல் ஏறி இறங்கி வரட்டும். கீழ்வழியாகக் குறுக்கே வருகிறேன் என்று மட்டும் கிளம்ப வேண்டாம். திரும்புவதற்குப் படகு ஏற்பாடு செய்தால் நேரத்தை முந்தின நாளே கேட்டுவிடுங்கள். சில இடங்களில் அதுவும் ஓதத்தைப் பார்த்துத்தான் கரைக்கு வரும்.