டிரம் கோர் சுற்றுப்பயணத்தில் சண்டை வருமா? பஸ்ஸுக்குள்தான் வரும்

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் ஒரு டிரம் கோர் அணிக்குத் தேர்வாகியிருக்கிறான். கோடை முழுவதும் பஸ்ஸில் ஊர் ஊராகப் போவார்களாம். அணிகளுக்கிடையே பகையும் கைகலப்பும் நடக்கும் என்று ஒருவர் பயமுறுத்தினார். உண்மையா?

பதில்:

பன்னிரண்டு வயதில் மதுரையிலிருந்து பெற்றோருடன் அமெரிக்கா வந்தவன் நான். 2007, 2008 ஆகிய இரண்டு கோடைகளில் ஓர் அணியில் பேஸ் டிரம் வாசித்தேன். அணியின் பெயர் இங்கே வேண்டாம். உங்கள் கேள்வியைப் படித்ததும் என் இடது கை நடுவிரல் நகத்தைப் பார்த்தேன். அதில் இன்றும் ஒரு கோடு இருக்கிறது. அது எதிரணிக்காரன் போட்டது இல்லை. என் பக்கத்தில் நின்று வாசித்தவனால் வந்தது.

இதைப் பற்றித் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. பித்தளை ஊதுகருவிகள், டிரம்கள், கொடி சுழற்றும் கலர் கார்ட் என்று நூற்றுக்கும் மேற்பட்ட இளைஞர்கள், அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் அடியளந்து நடந்துகொண்டே பத்துப் பன்னிரண்டு நிமிடம் வாசிக்கிற போட்டி இது. நூற்றுக்கு இத்தனை என்று நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள். 21, 22 வயதோடு வயது வரம்பு முடிந்துவிடும். ஜூனில் கிளம்பினால் ஆகஸ்ட் இரண்டாம் வாரம் வரை வீடு கிடையாது.

உங்களைப் பயமுறுத்தியவர் பழைய கதைகளைக் கேட்டிருக்கலாம். 1960-களில் பல அணிகள் அமெரிக்கன் லீஜன் போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்களையும் கத்தோலிக்கத் தேவாலயங்களையும் சார்ந்து வளர்ந்தவை. ஒரு பேட்டையின் அணி தோற்றால் அந்தப் பேட்டையே தோற்ற மாதிரி. நம் ஊரில் இரண்டு தெருக்காரர்கள் கபடியில் மோதினால் எப்படியோ அப்படி. ஆனால் அந்தப் போட்டியாளர்களே ஒரு கட்டத்தில் ஒன்றுசேர்ந்தார்கள் என்பதை அவர் சொல்லியிருக்க மாட்டார். சங்கங்கள் விதித்த விதிகளும் கொடுத்த பரிசுப்பணமும் நியாயமாக இல்லை என்று, சிகாகோ பகுதியின் கேவலியர்ஸ் அணியை நடத்திய டான் வாரனும் வயோமிங் மாநிலத்து ட்ரூப்பர்ஸ் அணியின் ஜிம் ஜோன்ஸும் வேறு சில அணித் தலைவர்களும் 1971-இல் கைகோத்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் இன்று இந்தப் போட்டிகளை நடத்தும் டிரம் கோர் இன்டர்நேஷனல். அதன் முதல் சாம்பியன் போட்டி 1972-இல் விஸ்கான்சின் மாநிலம் ஒயிட்வாட்டர் என்ற சிற்றூரில் நடந்தது. அனஹைம் கிங்ஸ்மென் வென்றது. களத்தில் ஒருவரையொருவர் வீழ்த்தத் துடித்தவர்கள் சேர்ந்து கட்டிய வீடு அது.

அதற்காகப் போட்டியுணர்ச்சி தணிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கான்கார்டு நகரின் புளூ டெவில்ஸும் சான்டா கிளாரா வான்கார்டும் கலிஃபோர்னியாவில் ஒரே வளைகுடாப் பகுதியைச் சேர்ந்தவை. பல பத்தாண்டுகளாக மல்லுக்கு நிற்கின்றன. 1999-இல் இரண்டும் சமமான மதிப்பெண் பெற்றுப் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டன. 2008 இறுதிச் சுற்று இந்தியானா மாநிலம் புளூமிங்டனில் நடந்தது. முதல் பன்னிரண்டு அணிகளுக்குத்தான் இறுதியில் இடம். எங்களுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஃபேன்டம் ரெஜிமென்ட் 98.125, புளூ டெவில்ஸ் 98.100. ஒரு கோடையின் உழைப்பு 0.025-இல் முடிந்தது. அறிவிப்பு வந்தபோது அரங்கமே எழுந்து கத்தியது. இரண்டாமிடம் பெற்றவர்கள் நின்ற இடத்தில் சிலையாக நின்றார்கள், யாரும் யாரையும் ஏசவில்லை. சின்ன வயதில் அப்படி நிற்பதற்கு எவ்வளவு பயிற்சி வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த இரவில் நான் வென்றவர்களைவிட அவர்களைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிரணியோடு எனக்கு நேர்ந்த மோதல் என்று ஒன்றே ஒன்றுதான். போட்டிக்கு முன்பு டிரம் வரிசைகள் மைதானத்துக்கு வெளியே வாகன நிறுத்துமிடத்தில் கைகளைச் சூடேற்றிக்கொள்ளும். அதைக் கேட்கவே ரசிகர்கள் கூடுவார்கள். ஒருநாள் மற்றோர் அணி எங்களிடமிருந்து முப்பது மீட்டரில் வந்து நின்று, நாங்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே தொடங்கியது. நாங்கள் சத்தத்தைக் கூட்டினோம், அவர்களும் கூட்டினார்கள். எங்கள் ஸ்னேர் என்ற சிறிய டிரம் வரிசையில் ஒருவன் ஏதோ சொல்ல, அந்தப் பக்கமிருந்து இருவர் முன்னால் வந்தார்கள். எங்கள் பயிற்சியாளர் கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார். அவர்கள் முடிக்கும் வரை அசையாமல் நின்று கேட்கச் சொன்னார். கேட்டோம். நன்றாகவே வாசித்தார்கள். முடித்ததும் அவர்களுடைய பயிற்சியாளர் எங்களுக்குத் தலையசைத்துவிட்டு, தம் வரிசையை வேறிடத்துக்கு அழைத்துச் சென்றார். அதே பையன்களில் ஒருவனோடு ஆகஸ்டில் டி-ஷர்ட் மாற்றிக்கொண்டேன். இந்த ஆண்டு எதிரணியில் இருப்பவன் போன ஆண்டு உங்கள் அணியில் உறங்கியவனாக இருப்பான், அல்லது கல்லூரி வாத்தியக் குழுவில் உங்கள் தோழனாக இருப்பான். பகை வேர்விட அங்கே மண் இல்லை.

சொந்த பஸ்ஸுக்குள் அந்த மண் நிறைய உண்டு.

ஒருநாளைச் சொல்கிறேன். இரவு பத்து மணிக்குப் போட்டி முடியும். நள்ளிரவில் பஸ் கிளம்பும். விடியற்காலை நான்கு மணிக்கு ஏதோ ஒரு பள்ளியின் உள்விளையாட்டு அரங்கில் காற்றடைத்த மெத்தையை விரித்துப் படுத்தால், சில மணி நேரத்தில் எழுப்பிவிடுவார்கள். பிறகு மாலை வரை வெயிலில் பயிற்சி. நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சில குளியல் குழாய்கள், சில மின்செருகிகள். பக்கத்து இருக்கைக்காரன் மூச்சுவிடும் ஓசைகூட எரிச்சலூட்டும் நாள் ஒன்று ஜூலையில் எல்லோருக்கும் வரும். அது கெட்ட குணம் இல்லை, தூக்கமின்மை.

என் சண்டையும் ஒரு மின்செருகியில்தான் தொடங்கியது. பேஸ் டிரம் வரிசையில் ஐந்து பேர். சிறிய டிரம்மிலிருந்து பெரியது வரை வரிசையாக நிற்போம். நான் மூன்றாமவன். நான்காமவன் என்னைவிட ஒரு வயது மூத்தவன், அதுவே அவனுக்குக் கடைசிக் கோடை. டெக்சாஸில் ஓர் இரவு, அவனுடைய தொலைபேசியைக் கழற்றிவிட்டு என்னுடையதைச் செருகிவிட்டேன். காலையில் அவன் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. பயிற்சியில், எல்லோர் முன்னிலையிலும், வரிசையில் பிசகுவது மூன்றாவது டிரம்தான் என்று பயிற்சியாளரிடம் சொன்னான். பிசகியது நான்தான். அதுதான் தாங்கவில்லை.

பேஸ் டிரம் வாசிப்பு எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். 'தகதிமி' என்று ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். இப்போது 'த' ஒருவர், 'க' இன்னொருவர், 'தி' மூன்றாமவர், 'மி' நான்காமவர் என்று ஆளுக்கோர் எழுத்தாகப் பிரித்து, ஒரே வாயிலிருந்து வருவது போலக் கேட்க வேண்டும். ஐந்தாமவர் அடுத்த தாளத்தின் தலையில் பெரிய டிரம்மை அடிப்பார். நிமிடத்துக்கு 180 தட்டு வேகத்தில் நொடிக்குப் பன்னிரண்டு எழுத்து. இடையில் யோசிக்க நேரமில்லை. முன்னவனுடைய ஓசை காதில் விழும்போதே உங்கள் கை இறங்கியிருக்க வேண்டும். அப்படி ஒருவரோடு வாசித்துக்கொண்டே பதினோரு நாட்கள் நாங்கள் பேசாமல் இருந்தோம்.

பன்னிரண்டாம் நாள் விடியற்காலை மூன்று மணிக்கு டிரம்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். நான் பிடித்திருந்த டிரம்மை, நேரமாகிறது என்று அவன் வெடுக்கென்று இழுத்தான். விளிம்பு என் விரல்மீது விழுந்தது. நான் அவனை இரண்டு கையாலும் தள்ளினேன். லாரியின் சாய்பலகையில் விழுந்து அவனுக்கு முழங்கை சிராய்ந்தது. எழுந்து வந்தவனை ஊதுகருவிக்காரர்கள் நால்வர் பிடித்துக்கொண்டார்கள். நான் தள்ளியது தவறு. விரல் எவ்வளவு வலித்திருந்தாலும் தவறுதான், அதை இன்றும் அப்படியே சொல்வேன்.

மறுநாள் யாரும் எங்களைத் திட்டவில்லை. முழு அணியும் நிகழ்ச்சியை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தது, எங்கள் இருவரையும் மட்டும் வேலியோரம் நிற்க வைத்தார்கள். டிரம் கோரில் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர் என்று யாரும் காத்திருப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் மைதானத்தில் அடிக்கணக்கு வைத்து ஒதுக்கிய புள்ளி உண்டு, ஆள் இல்லையென்றால் அந்தப் புள்ளி காலியாகவே நகரும். இரண்டு ஓட்டைகளோடு அணியின் வளைந்த வரிசை களத்தைக் கடந்து போனது. டிரம் பகுதி வந்தபோது 'தக', 'தக' என்று நொண்டியது. 'தி'யும் 'மி'யும் வேலியோரம் நின்றுகொண்டிருந்தன. வயிற்றைப் பிசைந்தது.

பிறகு பேஸ் டிரம் பயிற்சியாளர் எங்களை ஒரு மர நிழலுக்கு அழைத்துப் போய் டிரம்களை மாற்றிக்கொள்ளச் சொன்னார். அவன் பகுதியை நான், என் பகுதியை அவன். மிக மெதுவாக, ஒரு மணி நேரம். பெரிய டிரம்மில் அதே அளவு கையை ஓங்கினால் அடி மங்கலாக எழும்புகிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவன் ஒவ்வோர் அடிக்கும் என்னைவிட அதிகம் உழைத்துக்கொண்டிருந்திருக்கிறான். அவனோ என் இடத்தில் நின்று இரண்டு முறை முந்தினான், மட்டையைக் கீழே வைத்தான். "என் டிரம்மில் நான் பின்தங்குகிறேன், அதனால்தான் இவன் முந்துகிறான்" என்று பயிற்சியாளரிடம் சொன்னான். என்னிடம் சொல்லவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது. அன்றிரவு அந்த மின்செருகியை அவனுக்கு விட்டுவிட்டேன்.

நாங்கள் உயிர்த்தோழர்களாகிவிடவில்லை. ஆனால் அந்தப் பகுதி அதன் பிறகு சுத்தமாக விழுந்தது.

இனி, நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நான் சொன்னதெல்லாம் சம வயதுப் பையன்களின் சச்சரவு. புதியவர்களை மூத்தவர்கள் திட்டமிட்டு அவமானப்படுத்துவதும், அதிகாரத்தில் இருப்பவர் உறுப்பினரிடம் அத்துமீறுவதும் இதில் சேராது. 2018-இல் புகழ்பெற்ற ஓர் அணியின் நீண்டகால இயக்குநர் மீது பல பெண்கள் பாலியல் புகார் கூறினார்கள், அவர் பதவி விலகினார். டிரம் கோர் உலகமே குலுங்கியது. ஆகவே பணம் கட்டுவதற்கு முன் அணி நிர்வாகத்திடம் நேராகக் கேளுங்கள்: புகார் என்றால் யாரிடம் போக வேண்டும், அந்த ஆளைப் பற்றியே புகார் என்றால் யாரிடம், இரவில் உறங்கும் இடத்தில் பொறுப்பாளர் யார். கூச்சப்படாதீர்கள். நல்ல அணி உடனே பதில் சொல்லும். மழுப்பினால் அனுப்ப வேண்டாம், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் சரி.

பையில் காதடைப்பான் இரண்டு ஜோடி, நீளமான மின்கம்பியோடு பல செருகிப் பலகை ஒன்று வைத்து அனுப்புங்கள். துணி துவைக்கும் நாளில் அவன் அழைப்பான். அப்போது மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள், "பக்கத்தில் வாசிக்கிற பையன் எப்படி இருக்கிறான்?" என்று கேளுங்கள். வாயைத் திறந்து குறை சொன்னால் கேட்டுக்கொண்டிருங்கள், அது ஜூலை. ஒன்றும் சொல்லாமல் பேச்சை மாற்றினால், வீட்டுக்கு வர வேண்டும் என்று மட்டும் சொன்னால், அன்றே அணி நிர்வாகத்துக்கு ஃபோன் செய்யுங்கள்.