கான்சஸின் கெஸல்: சபையோடு கப்பலேறி வந்தவர்களின் ஊர்

கேள்வி: அமெரிக்கப் புல்வெளிப் பகுதியில் மத நம்பிக்கைக்காகக் குடியேறியவர்கள் உருவாக்கிய சின்ன விவசாய ஊர் எதையாவது பார்த்திருக்கிறீர்களா? அங்கே இன்னமும் குதிரை வண்டியில்தான் போகிறார்களா?

குதிரை வண்டியை நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்துதான் திரும்ப வேண்டும். அது நவீன வசதிகளை ஒதுக்கி வாழும் ஆமிஷ் என்ற வேறொரு கிறிஸ்தவப் பிரிவினரின் வழக்கம். நான் கான்சஸ் மாநிலத்தின் விச்சிடா நகரில் இருக்கிறேன். இங்கிருந்து வடக்கே காரில் ஒரு மணி நேரத்துக்குள் கெஸல் என்ற ஊர் வந்துவிடும். ஐந்நூற்றுச் சொச்சம் பேர் வாழும் ஊர். மென்னொனைட் கிறிஸ்தவர்கள் உருவாக்கியது. ஜீன்ஸ், பிக்கப் டிரக், ஏசி போட்ட டிராக்டர் என்று பக்கத்து ஊர்க்காரர்களைப் போலத்தான் இருக்கிறார்கள். வித்தியாசம் உடையிலோ வண்டியிலோ இல்லை, அவர்கள் எதற்காக இங்கே வந்தார்கள் என்பதில் இருக்கிறது.

மென்னொனைட்டுகள் 16-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் உருவான பிரிவு. விவரம் தெரிந்த வயதில்தான் ஞானஸ்நானம், ஆயுதம் எடுப்பதில்லை, சத்தியப் பிரமாணம் செய்வதில்லை. எந்த அரசனுக்குத்தான் இப்படிப்பட்ட குடிமக்களைப் பிடிக்கும்? நெதர்லாந்திலிருந்து பிரஷ்யாவுக்குப் போனார்கள். பிறகு ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் ராணுவ விலக்கும் நிலமும் தருவதாகச் சொன்னதை நம்பி, இன்றைய உக்ரைனின் தெற்குப் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தலைமுறைகள் கடந்து நன்றாக வேரூன்றிய பிறகு, 1870-களில் ஜார் அரசு அந்தச் சலுகையில் கை வைத்தது. 1874-ல் எல்லோருக்கும் கட்டாய ராணுவ சேவை என்று சட்டம் வந்தது.

அந்த வருஷமே அலெக்சாண்டர்வோல் என்ற கிராமத்தின் சபை ஏறக்குறைய மொத்தமாகப் புறப்பட்டுவிட்டது. மூப்பர் யாக்கோப் புல்லரின் தலைமையில் பெரும்பகுதியினர் சிம்ப்ரியா என்ற கப்பலில் வந்தார்கள். மற்றவர்கள் டியூட்டோனியா என்ற கப்பலில். இரண்டிலுமாகச் சுமார் 800 பேர். அந்தச் சபை இன்றும் அதே பெயரில் கெஸலுக்கு ஒரு மைல் வடக்கே இருக்கிறது. வயல்களுக்கு நடுவே நிற்கும் அந்த வெள்ளைத் தேவாலயத்தைப் பார்த்தால் ஊரைவிடப் பெரிதோ என்று தோன்றும். உண்மையில் ஊரைவிட மூத்ததுதான்: கட்டடம் எழும்பியது 1886-ல், கெஸல் என்ற பெயர் வந்தது அதற்கும் பிறகு. 1895-ல் வட கடலில் மூழ்கிய எல்பே கப்பலின் கேப்டன் ஃபான் கெஸலின் பெயரைத்தான் ஊருக்கு வைத்தார்கள். கடலே எட்டிப் பார்க்காத ஊருக்குக் கடலில் போன கேப்டனின் பெயர்!

'மத நம்பிக்கைக்காக' என்று கேட்டிருக்கிறீர்கள். அது பாதிக் காரணம் என்றுதான் சொல்வேன். ராணுவம் மட்டுமே கவலை என்றால் அத்தனை பேரும் கனடாவின் மனிடோபாவுக்குப் போயிருப்பார்கள். அந்த அரசு ராணுவ விலக்கை எழுத்திலேயே கொடுத்திருந்தது. அமெரிக்க மத்திய அரசு அப்படி எதுவும் தரவில்லை. கான்சஸ் மாநிலம் தன் அளவில், மாநிலப் படையில் சேர வேண்டாம் என்று 1874-ல் சட்டத்தைத் திருத்தியது, அவ்வளவுதான். அதற்கு மேல் இழுத்தது நிலம். தண்டவாளம் போட்டதற்குக் கூலியாக சான்டா ஃபே ரயில்வே கம்பெனிக்குக் கான்சஸில் சுமார் 30 லட்சம் ஏக்கர் கிடைத்திருந்தது. ஆளில்லாத புல்வெளியில் ரயில் ஓட்டி யாரிடம் டிக்கெட் விற்பது? உழத் தெரிந்த, கையில் ஓரளவு காசும் இருந்த இந்த ஜனங்களைக் கம்பெனி விடாமல் பிடித்துக்கொண்டது. வந்து இறங்கியவர்கள் முதல் குளிர்காலத்தைத் தள்ளுவதற்கு நீளமான கொட்டகை வீடுகளையும் கட்டிக் கொடுத்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கான்சஸ் என்ற பெயரே இங்கே வாழ்ந்த கான்சா பழங்குடியினரின் பெயர்தான். மிச்சமிருந்த அவர்களை அரசு 1873-ல் தெற்கே, இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பிவிட்டது. அடுத்த வருஷம் மென்னொனைட்டுகள் வந்தார்கள். ஆயுதம் தொடாதவர்களுக்குக் கிடைத்த நிலம் எப்படிக் காலியானது என்ற கேள்வியை நான் அங்கே போகும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன்.

சரி, கோதுமைக்கு வருவோம். ஊர் நிலைத்ததே அதனால்தான். 'டர்க்கி ரெட்' என்ற குளிர்காலக் கோதுமை. இலையுதிர் காலத்தில் விதைத்தால் பனிக்காலம் முழுக்க நிலத்தில் கிடந்து, ஜூனில், உச்சி வெயில் காய்ச்சுவதற்குள் அறுவடைக்கு வந்துவிடும். கான்சஸுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. சின்னப் பெண்கள் விதையை மணி மணியாகப் பொறுக்கிப் பெட்டியில் கொண்டுவந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் மாநிலம் முழுக்கப் பரவுவதற்கு அந்தப் பெட்டி போதாது. கான்சஸின் ஹால்ஸ்டெட் ஊரில் மாவு மில் நடத்திய பெர்ன்ஹார்ட் வார்கென்டின் 1880-களில் பெரிய அளவில் விதை வரவழைத்தார். அதிலும் ஒரு சிக்கல்: மணி கல் மாதிரி இருந்ததால் பழைய எந்திரக்கல் மில்களில் சரியாக அரைபடவில்லை, மில்காரர்கள் முகம் சுளித்தார்கள். எஃகு உருளை மில்கள் வந்த பிறகுதான் அதற்கு மவுசு.

கெஸல் அருங்காட்சியகத்தில் நான் அதிக நேரம் நின்றது கதிரடிக்கும் கல்லின் முன்னால். சுண்ணாம்புப் பாறையில் செதுக்கிய உருளை, சுற்றிலும் பல் பல்லாக ஏழு வரம்புகள். களத்தில் கோதுமைத் தாளைப் பரப்பி, குதிரை பூட்டி இதை அதன்மேல் உருட்டினால் மணி உதிரும். யானை கட்டிப் போரடித்ததாகப் பெருமை பேசும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ரஷ்யாவில் பழகிய அளவிலேயே இங்கும் செதுக்க வைத்தார்கள். ஆனால் கதிரடிக்கும் இயந்திரம் சீக்கிரமே வந்துவிட்டதால் பல கற்கள் அதிகம் உருளாமலே முற்றத்து அலங்காரமாகிவிட்டன. பக்கத்தில் நியூட்டனை ஒட்டியிருக்கும் பெத்தேல் கல்லூரியின் சின்னமே இந்தக் கல்தான். அதே அருங்காட்சியகத்தில் அமெரிக்கச் சுதந்திரத்தின் சின்னமான 'லிபர்ட்டி பெல்' மணியைக் கோதுமைத் தாளால் பின்னி வைத்திருக்கிறார்கள், அசல் மணியின் அளவிலேயே.

முதல் உலகப் போரின்போது இவர்கள் பாடு திண்டாட்டம்தான். பேசுவது ஜெர்மன், போருக்கும் போவதில்லை, போர்க்கடன் பத்திரமும் வாங்குவதில்லை என்றால் அக்கம்பக்கத்தார் சும்மா இருப்பார்களா? மஞ்சள் பெயின்ட் பூசுவது, தார் ஊற்றுவது எல்லாம் இந்த வட்டாரத்தில் நடந்தது. அதற்கடுத்த போரில் சட்டமே மாற்று வழி கொடுத்தது: துப்பாக்கிக்குப் பதில் காடு வளர்ப்பு, மனநல மருத்துவமனைப் பணி என்று இளைஞர்கள் போனார்கள்.

போய்ப் பார்க்க நினைத்தால் ஜூன் நடுவில் போங்கள், அறுவடை நடக்கும். இல்லையென்றால் ஆகஸ்ட் தொடக்கத்தில் கதிரடிப்புத் திருவிழா, பழைய நீராவி இயந்திரங்களை ஓட்டிக் காட்டுவார்கள். அங்கே வெரெனிக்கே கிடைத்தால் விடாதீர்கள்: மாவுக்குள் காட்டேஜ் சீஸ் வைத்து மடித்து வேகவைத்தது. மேலே ஊற்றும் குழம்பில் பன்றி இறைச்சி இருக்கும், சைவக்காரர்கள் குழம்பு வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.