சீக்கிரம் முடித்தாலும் செலவு, தாமதமானாலும் செலவு என்றால் வேலைகளை எப்படி வரிசைப்படுத்துவது?

ஒரே மெஷின், ஐந்து வேலைகள், எல்லாவற்றுக்கும் ஒரே கெடு. எந்த வரிசையில் ஓட்டினால் செலவு குறையும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

உற்பத்தித் திட்டமிடலுக்கு வந்த புதிதில், மெஷின் சும்மா நிற்கக் கூடாது என்ற ஒரே விதிதான் எனக்குத் தெரியும். டெலிவரி தவறவில்லை. ஆனால் முடிந்த சரக்கு வாரக்கணக்கில் குடோனில் கிடந்தது. முடங்கிய பணம், அடைத்த இடம், துருவை மறுபடி தேய்த்த கூலி எதுவுமே எந்த வேலையின் கணக்கிலும் ஏறவில்லை. அது இன்றும் எனக்கு உறுத்தல்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். வேலைகள் 2, 3, 5, 7, 8 மணி நேரம் பிடிக்கும், கெடு 20ஆவது மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னதிலிருந்து உடனே ஓட்டினால் அவை 2, 5, 10, 17, 25ஆவது மணிகளில் முடியும். கெடுவிலிருந்து விலகிய மணிகளைக் கூட்டினால் 51. அதே மெஷினை முதல் 5 மணி நேரம் நிறுத்தி வைத்து, 8, 5, 2, 3, 7 என்று ஓட்டுங்கள். 13, 18, 20, 23, 30இல் முடியும். விலகல் வெறும் 22.

கெடுவுக்கு முன் பெரியதிலிருந்து சிறியது, பின் சிறியதிலிருந்து பெரியது, நடுவில் ஒரு வேலை சரியாகக் கெடுவில் முடிய வேண்டும். கெடுவுக்கு முன் போதுமான நேரம் இருந்தால் இதுவே மிகக் குறைந்த விலகல் என்று ஆய்வாளர் கேனட் 1981இல் காட்டினார். காரணம் எளிது. முன்பக்கத்தில் ஒரு வேலை முடிந்தபின், அடுத்தடுத்தவை ஓடும் நேரமெல்லாம் அது காத்துக் கிடக்கிறது. முதல் வேலை எவ்வளவு நீளமானாலும் அதற்காகக் காத்திருக்க முன்னால் எதுவும் இல்லை. அதனால் பெரியது அங்கே போகிறது.

சீக்கிரம் முடிந்த ஒரு மணிக்கு 1 என்றும், தாமதமான ஒரு மணிக்கு இரண்டு மடங்கு செலவு என்றும் வைத்தால் கதை மாறும். மேலே சொன்ன வரிசைக்கு 35 ஆகும். 8, 7, 3, 2, 5 என்று உடனே தொடங்கினால் 29. இந்த முறை மெஷின் நிற்கவே வேண்டாம்.

ஒவ்வொரு வேலைக்கும் தனிக் கெடு இருந்தால் கடினம்தான். 10 வேலைகளுக்கே 36,28,800 வரிசைகள். நான் கெடு வாரியாக அடுக்கி, பக்கத்துப் பக்கத்து வேலைகளை இடம் மாற்றிப் பார்ப்பேன். வரிசை முடிவானபின் எங்கே எவ்வளவு நேரம் காலி விடுவது என்பதை எக்செல்லில் உள்ள சால்வர் என்ற கணக்குக் கருவியே சொல்லிவிடும். அடுத்த வேலைக்கு மெஷினைத் தயார் செய்யும் செட்டிங் நேரம் வரிசையைப் பொறுத்து மாறுமென்றால், அதையும் கணக்கில் சேர்த்த பிறகே ஒப்பிடுங்கள்.